மூன்றாம் நாள் பார்வை

என் அண்ணனுக்கு ஒரு காலத்தில் எங்கள் தெருவில் ‘முடியாது’ என்று பெயர். யாராவது வழி கேட்டால், “நேரே போய் இடது பக்கம் திரும்புங்க, முடியாது கடை வரும், அதுக்கு அடுத்த கட்டடம்” என்றுதான் சொல்வார்கள். டயர் கடை என்று பெரிய எழுத்தில் பலகை வைத்திருந்தோம். அதை ஒருவரும் மதித்ததில்லை. நாற்பது வருஷம் டயர் மாட்டிய மனிதர், அதில் பாதியை வந்தவர்களைத் திருப்பி அனுப்பியே கழித்தார். கூட இருந்து வெந்து போனவன் நான். அவரைவிட ஆறு வயது இளையவன். வந்தவர்களை உட்காரவைத்துப் பேசிச் சரிக்கட்டுவது என் வேலை. அவர்களை எழுந்து போக வைப்பது அவர் வேலை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நடுவில் எனக்கே தைரியம் போய்விடும். அண்ணனுக்கு ஒரே மகள். அவள் அப்பாவோடு பேசி ஆறு வருஷம் ஆகிறது. வேறு தேசத்தில் ஒன்றும் இல்லை, பஸ் ஏறினால் இருபது நிமிஷத்தில் அவள் வீடு. அதற்கு அவர்தான் காரணம் என்று தெரு முழுக்க நினைக்கிறது. காரணம் நான்.

பிக்கப் வண்டிக்காரர்களுக்குப் பெரிய டயர் ஆசை ஒரு ஜுரம் மாதிரி வந்தது. ஒருத்தன் போட்டால் பத்துப் பேர் வருவார்கள். வண்டி உயரமாக நிற்க வேண்டும், பார்த்தால் மிரள வேண்டும். ஆனால் ரிம் மட்டும் வண்டியோடு வந்த கம்பெனி ரிம்மாகவே இருக்க வேண்டும், அதை மாற்ற மனசு வராது. அங்கேதான் சிக்கல். கம்பெனி ரிம் இத்தனை அகல டயரைத்தான் பிடிக்கும் என்று ஒரு அளவு உண்டு. அதற்கு மேல் போட்டால் டயர் வெளியே எவ்வளவு பிதுங்குகிறதோ அவ்வளவு உள்ளேயும் பிதுங்கும். வெளியே பிதுங்குவதைப் பார்த்து வண்டிக்காரன் மீசையை முறுக்குவான். உள்ளே பிதுங்குவதை அண்ணன் குனிந்து பார்ப்பார். பார்த்துவிட்டு, “முடியாது” என்று ஒரே போடாகப் போடுவார்.

ஒரு தடவை கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் லாரி டயர் அளவுக்கு நாலு டயரைக் கொண்டுவந்து இறக்கினான். அண்ணன் அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

“இந்த டயரை உங்க வண்டிக்கு மாட்ட முடியாதுங்க. வேணும்னா உங்க வண்டியைத் தூக்கி இந்த டயருக்கு மேல வைக்கலாம்.”

அவன் கோபித்துக்கொண்டு போனான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். எதிர்க்கடைக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் சிரிக்காமல் என்ன செய்வான், அந்த நாலு டயரையும் அவன்தான் மாட்டி அனுப்பினான்.

அண்ணன் ஒப்புக்கொண்ட வண்டிகளும் உண்டு. ஒப்புக்கொண்டால் அந்த வண்டிக்காரன் பாடு அவ்வளவுதான். ஒரு நாள் வேலை என்று வந்தவன் மூன்று நாள் அலைவான். டயரை மாட்டி, காற்றடித்து, ஓரம் ரிம்மில் ‘டப் டப்’ என்று உட்காரும் சத்தத்தை எண்ணிக் கேட்பார். மட்கார்டுக்குள் உரசும் பிளாஸ்டிக்கை வெட்டுவார். ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் முழுக்க ஒடி, அந்தப் பக்கம் முழுக்க ஒடி என்று உயிரை வாங்குவார். கடைசியில் அவருடைய பூச்சு. சாக்பீஸைப் பொடித்துக் கொஞ்சம் தண்ணீரும் பசையும் விட்டுக் குழைத்து, முன் டயரின் உள்பக்கத் தோளில் சுற்றிலும் தடவுவார். அது காய்ந்ததும் பின்னால் மணல் மூட்டைகளை ஏற்றி, கடைக்குப் பக்கத்திலிருக்கும் காலி மனையில் பள்ளம் மேடு பார்த்து ஓட்டச் சொல்வார். டயர் எங்கேயாவது தொட்டால் தொட்ட இடத்தில் வெள்ளை ஒட்டியிருக்கும்.

அதோடு விடமாட்டார். “காலி மனையில தொடாதது ரோட்டுல தொடும்” என்பார். பூச்சோடு வண்டியை அனுப்பி, மூன்றாம் நாள் திரும்ப வரச்சொல்லி, ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றி உள்ளே விரல் விட்டுத் தடவிப் பார்ப்பார். மூன்றாம் நாள் பார்வை என்று கடையில் அதற்குப் பெயரே உண்டு. வராதவனை வீடு தேடிப்போய்த் திட்டிவிட்டு வருவார். சிமென்ட், மாவு என்று வெள்ளைச் சரக்கு ஏற்றும் வண்டிகளுக்கு மட்டும் சாக்பீஸ் இல்லை, அலமாரியில் ஒரு டப்பாவில் செங்கல் பொடி வைத்திருப்பார். சிவப்புப் பூச்சு. அப்போதுதான் எது பூச்சு, எது சரக்கின் தூசி என்று குழம்பாமல் இருக்கும்.

அண்ணி இறந்தபோது மகளுக்குப் பன்னிரண்டு வயது. அதற்கப்புறம் அவளுக்கு எல்லாமே இவர்தான். பாசம் இல்லாத ஆள் என்று யாரும் சொல்ல முடியாது. அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்துக்குக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார், கறுப்புப் போகாது, ஆனாலும் கழுவுவார். ஆனால் பயம். டயரைப் பார்க்கிற கண்ணாலேயே மகளையும் பார்த்தார். எது எங்கே உரசுமோ, எது எங்கே அறுந்துவிடுமோ என்று.

மாப்பிள்ளை நல்ல பையன். கொஞ்சம் அவசரக்காரன், சிரித்த முகம். சொந்தமாக ஒரு பிக்கப் வைத்திருந்தான். மலைமேல் இருக்கும் சூளையிலிருந்து சுண்ணாம்பு மூட்டைகளைக் கீழே கொண்டுவருவதுதான் தொழில். அந்தப் பாதை ஒரு பாதையா? லாரிகள் ஏறி இறங்கி நடுவில் முதுகெலும்பு மாதிரி கல் துருத்திக்கொண்டு நிற்கும். வண்டியின் அடிவயிறு அதில் மோதி இரண்டு தடவை ஆயில் டேங்க் உடைந்தது. பெரிய டயர் போட்டால் வண்டி நாலு விரல் உயரும், கல்லைத் தாண்டிவிடலாம் என்று மாமனாரிடம் வந்து கேட்டான். முடியாது என்றார். மறுபடி கேட்டான். முடியாது. மூன்றாம் தடவை அவன் கேட்கவில்லை, மகளே வந்தாள். இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தை.

“மேல படிக்கிறேன்னு கேட்டேன், முடியாதுன்னீங்க. வெளியூர்ல வேலை கிடைச்சுது, முடியாது. அம்மா போட்டோவை என் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்னேன், அதுக்கும் முடியாது. இப்ப அவர் பொழப்புக்காகக் கேட்கிறார். வெளியில போட்டா எவனாவது ஏனோதானோன்னு மாட்டி விட்டுடுவான். உங்களை நம்பித்தானேப்பா வர்றோம்?”

அண்ணன் கையிலிருந்த துணியை முறுக்கிக்கொண்டே நின்றார். நான் வேறு சும்மா இருக்கவில்லை.

“அண்ணே, ஊருக்கெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்றீங்க, சொந்த மகளுக்குச் செய்ய மாட்டீங்களா? என்னண்ணே நியாயம் இது?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. பிறகு மகளிடம், “அவன் சொல்ற அளவு வேண்டாம். அதுக்கு ஒரு அளவு கீழ. அதுவும் நான் சொல்றபடி கேட்கணும்” என்றார். அவள் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு அப்பாவின் தோளில் சாய்ந்து சிரித்தாள். அண்ணன் உடம்பு விறைத்துக்கொண்டு நின்றது. அவருக்கு அதெல்லாம் பழக்கமில்லை.

மாட்டிய அன்று மகளும் கடைக்கு வந்துவிட்டாள். நாற்காலியைப் போட்டு நடு வாசலில் உட்கார்ந்துகொண்டு, “அப்பா, அந்த நட்டை விட்டுட்டீங்க”, “அப்பா, உங்க வயசுக்கு இப்படிக் குனியலாமா” என்று அவரைச் சீண்டிக்கொண்டே இருந்தாள். அண்ணன் அன்று சிரித்தார். என் காதாலேயே கேட்டேன், வேலை நேரத்தில் ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தார். சக்கரத்துக்கு பிரேக் ஆயில் கொண்டுபோகும் ரப்பர்க் குழாயை, அந்த பிரேக் ஹோஸைப் பிடித்திருக்கும் கிளிப்பைக் கழற்றி உள்பக்கம் தள்ளி வைத்தார். பிளாஸ்டிக்கை வெட்டினார். ஸ்டியரிங்கை ஒடிக்கச் சொல்லிக் கட்டைவிரலை இடையில் வைத்துப் பார்த்தார், விரல் தாராளமாக நுழைந்தது. “இனிமே முன்னைவிடக் கொஞ்சம் தள்ளித்தான் வண்டி நிற்கும் மாப்ள, பிரேக்கை முன்கூட்டியே போடு. மீட்டர் நாற்பதுன்னு காட்டினா நீ நாற்பத்தி நாலுல போறேன்னு அர்த்தம்” என்று பாடம் நடத்தினார். மாப்பிள்ளை எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

பூச்சுப் பூசும் நேரம் வந்தது. குழந்தை அவர் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது. கைக்கு எட்டிய சாக்பீஸை எடுத்துப் பொடித்துக் குழைத்தார். வெள்ளை. சுண்ணாம்பு ஏற்றுகிற வண்டிக்கு வெள்ளைப் பூச்சு. சிவப்பு டப்பா பின்னால் அலமாரியில்தான் இருந்தது. எனக்கும் அது உறைக்கவில்லை. அவ்வளவு பேர் சுற்றி நின்றோம், ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. காலி மனையில் மூட்டை ஏற்றி ஓட்டிப் பார்த்தோம், எங்கேயும் தொடவில்லை. “மூணாம் நாள் வந்துடணும்” என்று அண்ணன் நாலு தடவை சொன்னார்.

இரண்டாம் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவருக்குக் கொஞ்ச நாளாகக் கண்ணில் புகைச்சல். மகளுக்குத் தெரிந்தால் வேலையை விடச் சொல்வாள் என்று மறைத்து வைத்திருந்தார். மறுநாள் காலையில்தான் டாக்டர் வரச்சொல்லியிருந்தார், அதைத் தள்ளிப்போட வழியில்லை.

“சாயந்திரத்துக்குள்ள வந்துடுவேன். மாப்ள வந்தா நிறுத்தி வை. நீ பார்க்காதே. நான் வர்ற வரைக்கும் வண்டி நகரக் கூடாது.”

‘நீ பார்க்காதே’ என்றாரா, எனக்குச் சுருக்கென்று இருந்தது. இருபத்தைந்து வருஷம் அதே கடையில் நிற்கிறேன். சக்கரத்துக்குள் எட்டிப் பார்க்கக்கூட நான் லாயக்கில்லையா? அதை மனசுக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுகிறேன், மாப்பிள்ளை வந்து நிற்கிறான். வண்டி நிறைய மூட்டை. வண்டியும் வெள்ளை, அவனும் வெள்ளை, புருவம்கூட வெள்ளை.

“சின்ன மாமா, இதை இறக்கிட்டு இன்னொரு நடை போகணும். சூளையில எனக்காகக் காத்திருக்காங்க. மாமா எங்க?”

“வெளியில போயிருக்கார். சாயந்திரம் வருவார்.”

“சாயந்திரம் வரைக்கும் நிறுத்தினா இன்னிக்கு நடை போச்சு. நீங்க பாருங்களேன். உங்களுக்குத் தெரியாததா?”

உங்களுக்குத் தெரியாததா. அந்த ஒரு வார்த்தைக்கு நான் விழுந்தேன். வேறு யாரும் என்னைத் தள்ளவில்லை. ஜாக்கியை எடுக்கவில்லை. சக்கரத்தைக் கழற்றவில்லை. ஸ்டியரிங்கை ஒடிக்கச் சொல்லிவிட்டு, டார்ச்சை அடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். உள்ளே எல்லாமே வெள்ளையாக இருந்தது. கம்பி வெள்ளை, பட்டை வெள்ளை, பிரேக் ஹோஸும் வெள்ளை. ஹோஸில் ஒரு இடத்தில் மட்டும் அந்த வெள்ளை கொஞ்சம் கெட்டியாக இருந்தது. பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சுண்ணாம்புதானே என்று நினைத்தேன். இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்து ஒரு துடை துடைத்தேன். கறுப்பாகப் புதுசு மாதிரி ஆகிவிட்டது. விரலால் ஒரு தடவை தடவியிருந்தால் சொரசொரப்பு தெரிந்திருக்கும். தடவவில்லை.

“ஒண்ணும் இல்ல. ஜம்முனு இருக்கு. கிளம்பு மாப்ள.”

அவன் கையெடுத்துக் கும்பிடுவதுபோல் விளையாட்டாக ஒரு சைகை காட்டிவிட்டுப் போனான். சாயந்திரம் அண்ணன் வந்து கேட்டார். ஜாக்கி போட்டு விரல் விட்டுப் பார்த்தேன், எங்கேயும் தொடவில்லை என்றேன். அவர் கண்ணில் மருந்து விட்டிருந்ததால் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அன்று அவருக்கு என் முகம் தெரிந்திருக்காது. “சரி” என்றார். நாலு நாள் கழித்து வண்டியை ஒரு தடவை கொண்டுவரச் சொல்லி ஆள் விட்டார். மாப்பிள்ளைக்கு நேரமில்லை. நானும், “அதான் பார்த்தாச்சேண்ணே” என்று அடக்கிவிட்டேன்.

பத்தொன்பதாம் நாள் காலையில், மூட்டையோடு மலையிலிருந்து இறங்கும்போது, ஒரு வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்த நேரத்தில் முன் சக்கரம் கல்லில் ஏறியிருக்கிறது. அந்தப் பாதையில் தினமும் அப்படித்தான் ஏறியிருக்கும், தினமும் டயர் அந்த ஹோஸைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்திருக்கும். அன்று பிய்ந்துவிட்டது. மிச்சமிருந்த பின் பிரேக் அந்தச் சுமைக்குப் போதவில்லை. பள்ளத்தில் விழாமல் இருக்க அவன் வண்டியை மலைப் பக்கமாகத் திருப்பி மோதியிருக்கிறான், புத்திசாலிப் பையன். ஆனால் பின்னாலிருந்த மூட்டைகள் முன்னால் வந்து அவன்மேல் இறங்கிவிட்டன. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கண்ணே திறக்கவில்லை. மூன்றாம் நாள் விடிந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் மகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அவள் செருப்பு ஒன்று வேறு, மற்றது வேறாக இருந்தது. குழந்தை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது. அண்ணன் பக்கத்தில் போய் நின்றார், தொடத் தெரியாமல் நின்றார். அவள்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவருடைய கையைத்தான் பிடித்துக்கொண்டாள், இதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

அடுத்த வாரம் வண்டி இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்தார். ஒரு பிளாஸ்டிக் பையில் ஹோஸின் துண்டு. ஒரு பக்கம் முழுசாக இருந்தது, மறுபக்கம் நகம் மாதிரி மெலிந்து கிழிந்திருந்தது. அண்ணன் வாங்கிப் பார்த்தார். பார்த்த உடனேயே, மூன்றாம் நாள் நான் விரல் விட்டுப் பார்க்கவில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. என் பக்கம் ஒரு தடவை திரும்பினார், அவ்வளவுதான். மகளும் வந்திருந்தாள், அதே நாற்காலி, அதே வாசல்.

“மாட்டினதுக்கு அப்புறம் வண்டியைத் திருப்பிப் பார்த்தீங்களா?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“பார்த்தோம். மூணாம் நாள்.”

மகள் எழுந்தாள். “யார்ப்பா பார்த்தது?”

சொல்லப்போகிறேன், இதோ சொல்லப்போகிறேன் என்று நின்றேன்.

“நான்தான் பார்த்தேன்” என்றார் அண்ணன்.

“சரியா இருக்குன்னு சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

அவள் அவரை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அன்றோடு சரி. கடையில் இருந்த எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தே தலை முழுகிவிட்டாள். வீட்டுக்குப் போனால் கதவு திறக்காது. நாலு தடவை அண்ணன் போய் நின்றுவிட்டு வந்தார், அப்புறம் போவதை நிறுத்திவிட்டார்.

இன்ஸ்பெக்டர் போனதும் நான் அண்ணன் காலில் விழப்போனேன். “எந்திரிடா” என்று அதட்டினார். “வெளியில மூச்சு விடாதே. உனக்கும் பொண்டாட்டி பிள்ளைங்க இருக்கு. என்னோட போகட்டும்.” எனக்கு அழுகை வந்தது. அதோடு நிம்மதியாகவும் இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. தப்பித்தோம் என்றுதான் முதலில் நினைத்தேன். அண்ணனுக்கு இனி சக்கரம் மாட்டக் கூடாது என்று தடை வந்தது. கடையில் பஞ்சர் ஒட்டுவது மட்டும் மிஞ்சியது. இப்போது தெருவில் யாரும் அவரை ‘முடியாது’ என்று கூப்பிடுவதில்லை. எதுவுமே சொல்லிக் கூப்பிடுவதில்லை.

ஆறு வருஷம் இப்படியே ஓட்டினேன். நன்றாகச் சாப்பிட்டேன், தூங்கினேன், என் பெரிய பெண்ணுக்குக் கல்யாணமும் செய்து வைத்தேன். அண்ணன் தினமும் மதியம் ஒரு மணி நேரம் காணாமல் போவார். கேட்டால் காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்பார். போன மாதம் ஒரு நாள், டியூப் வாங்கப் போகும் வழியில் அவரைப் பார்த்தேன். ஒரு பள்ளிக்கூடத்து கேட்டுக்கு எதிர்ப்புறம், வேலியை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார். உள்ளே பிள்ளைகள் மதிய இடைவேளையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். காவலாளி குச்சியைத் தட்டிக்கொண்டு அவரிடம் வந்தான்.

“யாருய்யா நீ? தினமும் வந்து பிள்ளைங்களைப் பார்த்துட்டு நிக்கிற? யாரைப் பார்க்கணும்?”

“யாரையும் இல்லைங்க” என்றார் அண்ணன்.

“யாரையும் இல்லைன்னா நட. இன்னொரு தடவை பார்த்தேன், போலீஸைக் கூப்பிடுவேன்.”

“சரிங்க” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். என்னைக் கவனிக்கவில்லை. அடப் பாவி, அடப் பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். தன் பேத்தி என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் அந்த மனிதரை நிறுத்தியிருக்கிறேனே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. குழாயடியில் உட்கார்ந்து குழந்தையின் பள்ளிக்கூட ஷூவை பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை பக்கத்து வீட்டில் விளையாடும் சத்தம் கேட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

“என்ன வேணும்?”

உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கண் ஆஸ்பத்திரி, ‘நீ பார்க்காதே’ என்றது, ஜாக்கி போடாதது, துணியால் துடைத்தது. எதையும் விடவில்லை. அவள் ஷூவைக் கையில் வைத்தபடியே கேட்டாள். குழாய் திறந்தே இருந்தது, தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. செருப்பால் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்பாவுக்கு இது தெரியுமா?”

“தெரியும்மா. அந்த இன்ஸ்பெக்டர் வந்த அன்னிக்கே தெரியும்.”

ஷூவைக் கீழே வைத்தாள். குழாயை மூடினாள். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்து, “வாங்க” என்று முன்னால் நடந்தாள். பஸ்ஸில் அவள் முன் சீட்டில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டாள். எனக்கோ மனசு பறந்தது. அப்பாவும் மகளும் சேரப்போகிறார்கள், நான் எக்கேடு கெட்டாலும் சரி என்று இருந்தது.

அண்ணன் வீட்டில் கட்டிலில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார், ஊசி விரலில் குத்தியதுகூடத் தெரியவில்லை.

“வாம்மா… சாப்பிட்டியாம்மா?”

அவள் வாசற்படியிலேயே நின்றாள்.

“அன்னிக்கு நான் கேட்டேன், யார் பார்த்ததுன்னு. நீங்கதான்னு சொன்னீங்க. பார்த்தீங்களா?”

அண்ணன் என்னைப் பார்த்தார். அந்தக் கோபத்தை நான் அவர் முகத்தில் அதற்கு முன் கண்டதில்லை.

“பார்க்கலம்மா. ஆனா வெள்ளையைப் பூசினது நான். சிவப்பைப் பூசியிருந்தா யார் பார்த்தாலும் தெரிஞ்சிருக்கும். தப்பு என்னோடதுதான். இவனை எதுக்கு நடுவுல இழுக்கணும்னு…”

“தப்பு யாரோடதுன்னு நான் கேட்கலப்பா.” அவள் குரல் உயரவே இல்லை. “அவர் போனப்ப எனக்குன்னு இருந்தது நீங்க ஒருத்தர்தான். உங்க கையைத்தான் பிடிச்சேன். ஒரு வாரம் கழிச்சு, நானே பார்த்தேன், நானே அனுப்பினேன்னு சொல்றீங்க. நான் அதுக்கப்புறம் உங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்? தம்பியைக் காப்பாத்தணும்னு நினைச்சீங்களே, நான் என்ன ஆவேன்னு ஒரு நிமிஷம் நினைச்சீங்களா? ஒரு கைப்பிள்ளையை வெச்சுக்கிட்டு, யாருமே இல்லாம… அவர் போனது விபத்து. எங்க அப்பா போனது நீங்க பண்ணினது.”

“அம்மாடி, என்னைத் திட்டு. என்னைத் திட்டும்மா. அவர் எனக்காகத்தானே…” என்று நான் குறுக்கே விழுந்தேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். கண் சிவந்திருந்தது.

“சித்தப்பா, லேட்டா சொன்னாலும் நீங்க சொன்னீங்க. நீங்க வீட்டுக்கு வரலாம். பாப்பாவுக்கும் சொந்தம்னு யாராவது வேணும். இவரை மட்டும் கூட்டிட்டு வராதீங்க.”

போய்விட்டாள். அவள் தெருமுனை திரும்பும்வரை அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். கொன்றவனுக்கு வாசல் திறந்திருக்கிறது, ஒரு பாவமும் அறியாதவருக்கு அடைத்துவிட்டது. என்னால் வந்த வினை. நான் போகமாட்டேன் அண்ணே, நீங்கள் இல்லாத வீட்டு வாசலை நான் மிதிக்கமாட்டேன் என்று கத்தினேன்.

அவர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். ஊசியைத் தேடி எடுத்து நூலைக் கோக்கப் பார்த்தார், கண் தெரியவில்லை, என்னிடம் நீட்டினார். கோத்துக் கொடுத்தேன்.

“போகாம இருக்காதே. வர்ற ஞாயித்துக்கிழமையே போ” என்றார். கொஞ்ச நேரம் பொத்தானைத் தைத்தார். “பேத்திக்கு முன்னாடி எத்தனை பல் விழுந்திருக்குன்னு பார்த்துட்டு வந்து சொல்லு. கேட்டுக்கு வெளியில இருந்து பார்த்தா அது சரியா தெரியல.”